பெயர் கேட்கும் பாடம்

என் வீட்டுக்காரர் பெயரை இப்போதைக்கு நான் சொல்லப் போவதில்லை. அது வர வேண்டிய இடத்தில் வரும். கம்மாபுரம் பக்கம் பிறந்த பெண் எவளும் அந்தக் காலத்தில் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்பவள் முகத்தைப் பார்ப்பேன், அவள் எனக்காகச் சொல்லிவிடுவாள். அவருக்கு விருத்தாசலம் பக்கத்துச் சாமி ஒன்றின் பெயர். அதனால் அந்தச் சாமியையும் நான் பெயர் சொல்லிக் கும்பிட்டதில்லை. மணவாளநல்லூர்ச் சாமி என்றுதான் கூப்பிடுவேன். யாரைக் கூப்பிடுகிறேன் என்று சாமிக்குத் தெரிந்திருக்கும்.

நெய்வேலியில் இரண்டாவது சுரங்கம் வேலை நடந்துகொண்டிருந்த சமயம் அது. அவர் அங்கே கான்ட்ராக்ட் வெல்டர். பர்மனென்ட் ஆகிவிடும், ஆகிவிடும் என்று காத்திருந்து அலுத்துப்போய், மெட்ராஸில் ஒரு ஏஜென்ட் பேச்சைக் கேட்டுக் கப்பல் வேலைக்குப் போனார். நான் மந்தாரக்குப்பத்தில் தையல் மிஷின் போட்டு, நகரியத்துக் குவார்ட்டர்ஸ் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் தந்தி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சந்திரகலா அக்கா வீட்டுக்கு ஓடினேன். என்னிடம் துணி தைக்கக் கொடுக்கிறவர், பள்ளிக்கூட டீச்சர். அவர் புருஷன் ஜெயராமன் சார் அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். சார்தான் படித்துச் சொன்னார். கப்பலில் நீராவிக் குழாய் வெடித்துக் காயம். ஸ்பெயின் தேசத்தில் காதிஸ் என்கிற ஊரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கப்பல் கிளம்பிப் போய்விட்டது. ஆள் நன்றாக இருக்கிறார், விவரம் பின்னால் வரும்.

“நல்லா இருக்காருன்னுதானே போட்டிருக்கு. பயப்படாதீங்க,” என்றார் சந்திராக்கா.

“தங்கராசுக்கும் அப்டித்தான் தந்தி வந்துச்சுக்கா,” என்றேன்.

தங்கராசு எங்கள் தெருக்காரன், துபாய்க்கு வேலைக்குப் போனவன். நன்றாக இருக்கிறான் என்று தந்தி வந்த மறுவாரம் பெட்டியில் வந்தான். அதற்குப் பிறகு ‘நன்றாக இருக்கிறார்’ என்கிற வார்த்தையே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. எனக்கு அவர் குரல் வேண்டும். தந்தியைக் காதில் வைத்தால் குரலா கேட்கும்?

சார் மெட்ராஸ் ஏஜென்டைப் போனில் பிடித்து, விடாமல் குடைந்து, அந்த ஆஸ்பத்திரியின் நம்பரை வாங்கினார். நகரியத்துத் தபால் ஆபீஸில் டிரங்க் கால் புக் செய்தோம். இதற்கெல்லாம் ஏது பணம் என்று கேட்பீர்கள். என் காது வெறுங்காதாக இருந்தது, அவ்வளவுதான். முதல் தடவை சாரே டெலிபோன் கூண்டுக்குள் போய் இங்கிலீஷில் பேசினார். அந்தப் பக்கம் ஒரு பெண்பிள்ளை அவர் இங்கிலீஷை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் தன் பாஷையில் பொரிந்து தள்ளிவிட்டு வைத்துவிட்டாள். சார் வெளியே வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

“ஸ்பானிஷ் தெரிஞ்சாத்தான் நடக்கும் போலிருக்கு.”

“அத எங்க சொல்லிக் குடுக்கறாங்க சார்?” என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. சாருக்கு ரேடியோப் பைத்தியம். உலகத்தில் எந்த மூலையில் எந்த ஸ்டேஷன் பேசினாலும் உட்கார்ந்து கேட்டு, அவர்களுக்குக் கார்டு எழுதிப் போடுவார். அப்படி ஒரு ஸ்டேஷன் ஸ்பானிஷ் கற்றுக்கொள்ள ஒரு சின்னப் புத்தகத்தை இனாமாக அனுப்பியிருந்தது. பரணிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார்.

“நானே படிச்சுட்டுப் பேசிடறேன்,” என்றார்.

“கால் எப்ப கெடைக்கும்னு யாருக்குத் தெரியும்? நீங்க ஷிப்டுக்குப் போயிருக்கறப்ப வந்துட்டா? நான்தான் அங்க குந்திகினு இருக்கப்போறேன். எனக்குச் சொல்லிக் குடுங்க.”

சரி என்றார். நான் பத்தாவது வரை போய்த் திரும்பியவள். இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். அதனால் சார் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தார். அளவு வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் அதைப் பெரிதாக எழுதி மிஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். கால் பெடலை மிதித்தது, கை துணியைத் தள்ளியது, வாய் ஸ்பானிஷ் பேசியது. புவேனோஸ் தியாஸ் என்றால் காலை வணக்கம். போர் ஃபாவோர் என்றால் தயவு செய்து. கிராசியாஸ், நன்றி. மாஸ் தெஸ்பாசியோ, இன்னும் மெதுவாக. துணி வாங்க வந்தவர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னார்கள். சொல்லட்டும், அவர்கள் ரவிக்கை மட்டும் குறித்த நாளில் தயாராக இருந்தது.

புத்தகத்தின் மேல்தான் எனக்குக் கோபம். காப்பி இரண்டு கொடுங்கள், ரயில் எத்தனை மணிக்கு, கடற்கரைக்கு எப்படிப் போவது. ஊர் சுற்றுகிறவனுக்காக எழுதியது. ஒருத்தர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க அதில் வழியே இல்லை. சந்திராக்கா பக்கம் பக்கமாகத் தேடினார். “நீங்க இங்கிலீஷ் பேசுவீங்களா?” என்று ஒரு பாடம் இருந்தது. அதிலிருந்து ‘ஆப்லா’ என்கிற வார்த்தையைப் பிடுங்கினோம், பேசுகிறாரா என்று ஆகும். ஓட்டல் பாடத்திலிருந்து ‘கோமே’. சாப்பிடுகிறாரா. பேசுகிறார், சாப்பிடுகிறார் என்றால் உயிரோடு இருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அவர்கள் வேறு என்ன சொன்னாலும் எனக்குப் புரியப் போவதில்லை. ஆனால் ‘சீ’ என்றால் ஆமாம், ‘நோ’ என்றால் இல்லை. அது போதும் எனக்கு.

தினமும் சாயங்காலம் சந்திராக்கா ஆஸ்பத்திரிக்காரியாக உட்காருவார், நான் போன் பேசுவேன்.

“போர் ஃபாவோர்ங்க. கோமேங்க?”

“ஸ்பானிஷ்ல ‘ங்க’ கிடையாது செங்கமலம்!”

“ஆஸ்பத்திரிக்காரங்ககிட்ட மொட்டையா எப்டிக்கா பேசறது?”

“மரியாதைக்குத் தனியா ‘உஸ்தேத்’னு ஒரு வார்த்தை வெச்சிருக்காங்க. அத வேணா சேத்துக்கோங்க.”

பிறகு அவர் புத்தகத்தின் முதல் பாடத்தைக் கேட்பார். “கோமோ சே யாமா?” பெயர் என்ன என்று அர்த்தம். “மி மரீதோ சே யாமா...” என்று ஆரம்பிப்பேன். என் புருஷன் பெயர் என்று அர்த்தம். அந்த இடம் வந்ததும் இழுப்பேன். சந்திராக்கா தானாகவே அவர் பெயரைச் சொல்லி முடித்து அடுத்த வரிக்குப் போய்விடுவார். ரேஷன் கடையில் பக்கத்தில் நிற்பவள் சொல்வாளே, அதே மாதிரி. அப்படியே பழகிவிட்டோம். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

இரண்டாவது கால் கிடைத்தபோது சார் ஷிப்டில் இருந்தார், அக்கா பள்ளிக்கூடத்தில். தபால் ஆபீஸ் கிளார்க் மருதாசலம் கையைக் காட்டியதும் கூண்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். கடல் இரைகிற மாதிரி ஒரே இரைச்சல். அதற்கு நடுவில் அதே பெண்பிள்ளையின் குரல்.

“புவேனோஸ் தியாஸ்,” என்றேன். “நெய்வேலி, இந்தியா. மி மரீதோ, போர் ஃபாவோர்.”

அவள் கேட்டாள். “கோமோ சே யாமா?”

எனக்குப் புரிந்தது! சுவரில் ஒட்டியிருந்த வார்த்தை சமுத்திரம் தாண்டி ஒரு வெள்ளைக்காரி வாயிலிருந்து வந்தது. சந்தோஷத்தில் உடம்பெல்லாம் சிலிர்த்தது. “மி மரீதோ சே யாமா...” என்று ஆரம்பித்து, இழுத்து, திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் யாருமில்லை. கூண்டின் மரப்பலகைதான் இருந்தது.

நாக்கு மேலே எழும்பவில்லை. அவள் மறுபடி கேட்டாள், மறுபடியும் கேட்டாள். கதவைத் திறந்து, “அண்ணே, அவரு பேர சொல்லுங்கண்ணே!” என்று மருதாசலத்தைப் பார்த்துக் கத்தினேன். “எவர் பேருங்க?” என்று அவர் விழித்தார். அவருக்கு எப்படித் தெரியும்? ஒரு காலுக்கு உண்டான மூன்று நிமிஷம் முடிந்து லைன் போய்விட்டது.

அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து மருதாசலம் டீ வாங்கிக் கொடுத்தார். இத்தனை வார்த்தை படித்தவளுக்குப் புருஷன் பெயர் வாயில் வரவில்லை. என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே அடுத்த காலுக்குச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் நாத்தனார் சாமியம்மாள் வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்குக் கூடப்பிறந்த அக்காள். நடந்ததைச் சொன்னதும் வாயில் கை வைத்துக்கொண்டார்.

“நல்ல காலம் சொல்லாம வுட்டுட்ட. உசுருக்குப் போராடிகினு கெடக்கறவன் பேர பொண்டாட்டி சொல்லலாமாடி?”

“உசுரு இருக்கான்னே தெரியல அண்ணி. இருந்தாத்தானே கொறையறதுக்கு?”

“அடிப்பாவி. நான் வரேன். எந்தம்பி பேர நான் சொல்றேன். மீதிய நீ பேசு.”

அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அக்காள் சொன்னால் ஒரு தோஷமும் கிடையாது. இரண்டு பேரும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு தபால் ஆபீஸில் போய் உட்கார்ந்தோம். அன்று முழுக்கக் கால் கிடைக்கவில்லை. மறுநாளும் போனோம். மத்தியானத்துக்கு மேல் மருதாசலம் எழுந்து நின்றே கையைக் காட்டினார்.

ஒரு ஆள் நிற்கிற கூண்டுக்குள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு நுழைந்தோம். நான் புவேனோஸ் தியாஸ் சொல்லி, என் புருஷன் என்று சொல்லி, அவள் “கோமோ சே யாமா?” என்றதும் ரிசீவரை அண்ணியிடம் நீட்டினேன். அண்ணி வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் அந்நியக் குரல் கேட்டதும் அவர் முகம் கோணியது.

“தம்பி...” என்றார். “எந்தம்பி... ஐயோ, எந்தம்பீ...” அதற்கு மேல் அழுகைதான் வந்தது.

“பேர சொல்லுங்க அண்ணி!”

தலையை ஆட்டுகிறார், அழுகிறார், பெயர் மட்டும் வரவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெண்பிள்ளை எந்த நிமிஷமும் வைத்துவிடுவாள். தங்கராசு வந்த பெட்டி என் கண் முன்னால் நின்றது. மணவாளநல்லூர்ச் சாமியை நினைத்துக்கொண்டேன். குறைகிற ஆயுசை என் கணக்கில் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அண்ணி கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கினேன்.

“மி மரீதோ சே யாமா கொளஞ்சிநாதன்.”

சொல்லிவிட்டேன். அண்ணியின் அழுகை அப்படியே நின்றுபோனது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

“கோமோ?” என்றாள் அவள். புரியவில்லையாம்!

“கொளஞ்சிநாதன்!”

“கோமோ?”

“கொளஞ்சிநாதன்! கொளஞ்சிநாதன்!”

தபால் ஆபீஸே திரும்பிப் பார்த்தது. மணியார்டர் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பேனாவை நிறுத்தினார்கள். வாய்க்குள்ளேயே பூட்டி வைத்திருந்த பெயரை ஊர் கேட்கக் கத்திக்கொண்டிருந்தேன். அண்ணி முந்தானையால் மூக்கைத் துடைத்துவிட்டு என் தோளில் இடித்தார்.

“இன்னும் ஒரக்க சொல்லுடி! அவளுக்குக் காது கேக்கல!”

அப்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தது. “மாஸ் தெஸ்பாசியோ, போர் ஃபாவோர்.” அவளிடம் சொல்வதற்காக நான் படித்து வைத்திருந்தது. அவள் என்னிடம் சொல்கிறாள். இன்னும் மெதுவாகச் சொல்லம்மா என்கிறாள். மூச்சை இழுத்துவிட்டு, தையல் பிரிக்கிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன். கொ. ளஞ். சி. நா. தன். அவளும் கூடவே ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னாள். கடைசியில், “ஆ! சீ, சீ!” என்று குரல் எழும்பியது.

“கோமே?” என்றேன். “கோமே, உஸ்தேத்?”

அது தப்பாக இருந்திருக்க வேண்டும், அவள் சிரித்தாள். “சீ! கோமே! கோமே முச்சோ!”

“ஆப்லா?”

“ஆப்லா, சீ! ஊன் மொமெந்தோ.”

சாப்பிடுகிறார், பேசுகிறார். கடைசியில் சொன்னது, கொஞ்சம் இரு என்பதாக இருக்கும். அண்ணியிடம் சொன்னேன். அவர் மறுபடி அழ ஆரம்பித்தார், இந்தத் தடவை வேறு அழுகை. நடுவில் மெட்ராஸ் ஆபரேட்டர் புகுந்து நேரம் முடிகிறது என்றாள். இன்னொரு மூன்று நிமிஷம் போடு என்றேன். தூரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தப் பெண்பிள்ளை எங்கேயோ போய் அவர் பெயரைக் கூப்பிடுவது லேசாகக் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. பிறகு மூச்சு.

“யாரு?”

அவர்தான். குரல் கம்மியிருந்தது. ஆனால் அவர்தான்.

“நாந்தாங்க.”

“செங்கமலமா?” என்றார். “ரெண்டு கையும் கட்டுப் போட்டிருக்காங்க, எழுத முடியல. எழுதிக் குடுக்கவும் இங்க தமிழ் ஆளு இல்ல. பொழைச்சுக்கினேன், பயப்படாத. அந்தம்மாதான் போன புடிச்சுகினு நிக்கறாங்க. இத்தினி நாளா இந்தியோ, இந்தியோன்னுதான் கூப்புடுவாங்க. எம்பேரு அவங்க வாயில வராது. இன்னைக்கி அந்தக் கோடியிலேர்ந்து சரியா சொல்லிகினே வந்தாங்க. யாரு சொல்லிக் குடுத்தது?”

“நான்தான்.”

“நீயா? எம்பேரையா?”

“ஆமாங்க. இங்க போஸ்டாபீசே கேட்டுச்சு. திட்டறதுன்னா ஊருக்கு வந்து திட்டுங்க.”

அவர் திட்டவில்லை. சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரிக் கேட்டார்.

“நான் கேக்கலியே. எனக்கு இன்னொரு தபா சொல்லேன்.”

ஆபரேட்டர் மறுபடி குறுக்கே வந்தாள். “இரும்மா நீ,” என்று அவளை அதட்டிவிட்டு, ரிசீவரை வாயோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

“கொளஞ்சிநாதன்,” என்றேன். இந்தத் தடவை கத்தவில்லை.