தண்ணீர் போன பக்கம்

அப்பாவின் காலடியில் வெள்ளைத் துணியின் மூலையை மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள் மகள். சலவைக்கடை நடத்துகிறவள், மடிப்பு கோணினால் கை தானாகத் திரும்பிப் போகும். நான்காவது முறையாக அவள் அதைச் சரிசெய்தபோது கோலு மாமா உள்ளே வந்தார்.

அப்பா நில அளவையாளராக இருந்த காலம் முழுக்க அவருக்கு அளவுகோல் பிடித்தவர். கோலு என்பது அப்பா வைத்த பெயர்.

“நேரா நில்லுடா, நேரா நில்லுடான்னு முப்பது வருஷம் என் உயிரை வாங்கினாரு. இப்ப பாரு, அவரு படுத்துட்டாரு.” சிரிக்கத்தான் முயன்றார். உதடு ஒத்துழைக்கவில்லை.

பிறகு அவள் பக்கம் திரும்பினார். “நீ ஒரு குறையும் வைக்கல பாப்பா. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்ணாரு. ‘எம் பொண்ணு என்னை உச்சிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாடா’ன்னாரு.”

அவள் கை துணியிலேயே நின்றது.

இந்த நகரத்தில் மனிதர் கட்டாத, கொட்டாத, தானாகவே உயர்ந்து நிற்கும் இடங்களில் எது உச்சி என்று அளந்து சொன்னவர் அப்பா. ஒரு பாறை. அதில் அவர் கையாலேயே ஓர் ஆணி அடித்திருந்தார். பார்வை போனபின், “ஒரு தடவை அங்க போய் நிக்கணும்மா” என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பாறை நகரத்தின் அடுத்த கோடியில். போன ஞாயிறு நான்கு மணிக்குள் ஒரு விடுதிக்கு நூற்றிருபது படுக்கை விரிப்புகள் போயாக வேண்டியிருந்தது. அவள் அப்பாவைக் காரில் ஏற்றி, கடைக்குப் பின்னாலிருந்த பூங்காவை மூன்று முறை சுற்றிவிட்டு, அங்கிருந்த மேட்டில் காரை நிறுத்தினாள். இடித்த கட்டடங்களின் கல்லையும் செங்கலையும் கொட்டி மண் மூடிய மேடு. “வந்துட்டோம்பா” என்றாள்.

“தண்ணி ஊத்திப் பாத்தீங்களா சார்னு கேட்டேன்,” என்றார் கோலு மாமா. “அது எங்க ரெண்டு பேர் பழக்கம். உச்சின்னா தண்ணி ரெண்டு பக்கமும் பிரியணும். ‘ஊத்தினேன்டா, அழகா பிரிஞ்சு போச்சு’ன்னாரு.”

அன்று அப்பா ஊற்றத்தான் செய்தார். பாட்டிலைச் சாய்த்து, குனிந்து, ஈரத்தை விரலால் தொடர்ந்து போனார். தண்ணீர் மொத்தமும் ஒரே பக்கமாக ஓடி அவள் செருப்பை நனைத்தது. விரல் செருப்பைத் தொட்டதும் நின்றது. நிமிர்ந்து, “காத்து நல்லா இருக்கும்மா. உனக்கு நேரமாகலையா?” என்றார். புதன்கிழமை காலை அவர் எழுந்திருக்கவில்லை.

வண்டி வந்ததும் அப்பாவை ஏற்றினார்கள். முன் இருக்கையில் அவளும் கோலு மாமாவும். பெரிய சாலை வந்ததும் அவள் கேட்டாள்: “மாமா, அந்தப் பாறைக்கு எப்படிப் போகணும்?”

“நீதானே அன்னிக்கு…” என்று ஆரம்பித்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஓட்டுநரிடம், “தம்பி, இடது பக்கம் திருப்பு” என்றார்.

“பத்தரைக்கு மயானத்துல இருக்கணும் சார். லேட்டானா அடுத்தவங்களை உள்ள விட்டுடுவாங்க.”

“விடட்டும்,” என்றாள் அவள்.

பின்னால் காரில் வந்த அவள் தம்பி போனில் அழைத்தான். “அக்கா, அந்த டிரைவர் எங்க போறான்?”

“நான்தான் சொன்னேன். பின்னாடியே வா.”

பாறை ஒரு மரச்சாமான் கடையின் பின்புறம், கிழிந்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே இருந்தது. முழங்கால் உயரம்கூட இல்லை. சரக்கு இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வண்டியைக் கண்டு, தூக்கிய சோபாவை இறக்காமல் அப்படியே நின்றார்கள். ஒருவர் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார்.

கோலு மாமா வண்டியின் பின்கதவைத் திறந்து வைத்தார். பாறையில் ஏறி, அடையாளம் பார்த்து, துருப்பிடித்த ஆணிக்கு அந்தப் பக்கம் நின்றார். இந்தப் பக்கம் அவள் குனிந்து பாட்டிலைச் சாய்த்தாள்.

தண்ணீர் ஆணியைச் சுற்றிச் சற்றே தேங்கியது. பிறகு பிரிந்தது. ஒன்று அவள் செருப்பை நோக்கி வந்தது. இன்னொன்று கோலு மாமாவின் பாதத்தை நனைத்துக்கொண்டு இறங்கியது. அவர் காலை நகர்த்தவில்லை. கைகளை முன்னால் சேர்த்துப் பிடித்தபடி, நேராக நின்றார்.