ஜெபக்கனியின் பாவ அறிக்கை

“ஞாயித்துக்கிழமை வெள்ளனே வந்துரும்மா. சபைக்கு முன்னால நின்னு ஒரு மன்னிப்பு. சோலி முடிஞ்சது” என்றார் சேனாதிபதி, அடுப்படி வாசலில் நின்றபடி. அவர் சபையின் செயலாளர்.

ஜெபக்கனி கேரட் நறுக்குவதை நிறுத்தவில்லை. கொடைக்கானல் விடுதி ஒன்றுக்குச் சமைத்துக் கொடுப்பது அவள் பிழைப்பு.

“என்ன பாவத்துக்குங்கய்யா மன்னிப்பு?”

“தெரியாத மாதிரி கேக்குற பாத்தியா! மக ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கட்டிக்கிட்டாள்ல, அதுக்குத்தான். பெத்த தகப்பன் கண்டிக்கிற மாதிரி ஆண்டவரு உன்னைய கண்டிச்சிருக்காரு. திருந்துனா சேத்துக்குவாரு.”

மகள் நதியா கட்டிக்கொண்டது கீழத்தெரு பிரசாந்தை. ஜீப் ஓட்டுகிறவன், ஞானஸ்நானம் பெற்றவன், பாடகர் குழுவே பொறாமைப்படும் குரல். கோயிலில் கல்யாணம் நடத்தத்தான் முதலில் கேட்டார்கள். கமிட்டி மறுத்தது. ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனதும், கோயிலில் நடத்தவில்லை என்று அதே கமிட்டி ஜெபக்கனியை, அப்பமும் திராட்சரசமும் தரும் திருவிருந்திலிருந்து தள்ளி வைத்தது.

சேனாதிபதியின் மகனும் வெளிநாட்டில் ரிஜிஸ்டர் கல்யாணம்தான் செய்துகொண்டான். பெண் வெள்ளைக்காரி என்பதால் சபை மண்டபத்தில் கேக் வெட்டினார்கள். அன்றைய கட்லெட் ஜெபக்கனியின் கைப்பக்குவம்.

மற்றவர்கள் திருவிருந்துக்கு எழுந்து போகும்போதெல்லாம் அவள் பெஞ்சில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். மகளை வீட்டில் சேர்த்தால் ஒரேயடியாக நீக்கிவிடுவோம் என்றார்கள். அதற்குத்தான் பயந்தாள். மசக்கையில் வாய்க்கு எதுவும் பிடிக்காமல், அம்மா கைப் புளிக்குழம்பு கேட்டு நதியா வந்து நின்றபோது, கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியே “போயிரு தாயி” என்றாள். அதற்குப் பிறகு அவள் வைத்த எந்தக் குழம்பும் அவளுக்கே இறங்கவில்லை.

சேனாதிபதி போனதும் போனை எடுத்தாள்.

“ஏத்தா நதியா, ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் கோயிலுக்கு வாங்க. எதுக்குன்னு கேக்காத. நல்ல சேலையா கட்டிட்டு வா.”

ஞாயிறன்று பாதிக் கோயில் வரை பனிமஞ்சு புகுந்திருந்தது. நதியாவும் பிரசாந்தும் கடைசி பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தார்கள். இளவயது போதகர் ஜெபக்கனியை அழைத்தார். அவள் முன்னால் போய் நின்று சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

“நான் பாவம் செஞ்சுட்டேன். வாயும் வயிறுமா வந்த எம்மகளுக்குக் கதவு திறக்கல. தங்கமான மருமகன் கீழத்தெருங்கிறதுக்காக ஒரு வாய் காப்பி குடுக்கல. கமிட்டிக்குப் பயந்தேன், ஆண்டவருக்குப் பயப்படல. அவரு என்னைய கண்டிச்சதும் அதுக்குத்தான். என்னைய மன்னிக்கணும்.”

சேனாதிபதி எழுந்துவிட்டார். “இதையா சொல்லச் சொன்னோம்?”

“பாவத்த அறிக்கை பண்ணச் சொன்னீங்க. நான் பண்ணுன பாவம் இதுதாங்கய்யா.”

யாரோ ஒரு பெண் சிரிப்பை இருமலாக மாற்றினாள். போதகர் செயலாளரைப் பார்த்தார். பிறகு ஜெபக்கனியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, “ஆண்டவர் உங்களை மன்னிச்சிட்டாரும்மா” என்றார்.

திருவிருந்துக்கு மணி அடித்தது. ஜெபக்கனி நேரே கடைசி பெஞ்சுக்குப் போய் மகளின் கையைப் பிடித்தாள். நதியா ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தாள்.

“வாங்க மாப்ள.”

“வேண்டாம் அத்தை, வம்பாயிரும்” என்றான் பிரசாந்த்.

“ஆகட்டும். வாங்க.”

மூவரும் முன்னால் வந்தபோது அங்கே முழங்காலிட்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, அப்பத்தை வாங்காமலே தங்கள் இடத்துக்குத் திரும்பினார்கள். கடைசியாகச் சேனாதிபதியும் வேட்டியை உதறிக்கொண்டு எழுந்தார். இவ்வளவு நாளும் ஜெபக்கனியைத் தள்ளி வைத்த சபை, இப்போது யாரும் சொல்லாமலே தன்னைத் தள்ளி வைத்துக்கொண்டது.

ஜெபக்கனி நடுவில் முழங்காலிட்டாள். “நல்லா தள்ளி முட்டி போடு தாயி, வயிறு இடிக்கப் போகுது” என்றாள் மகளிடம். “இடம்தான் நெறையா கெடக்குல்ல.”