கஷ்டப்பட்டு முடித்தோம்

வேலை முடிந்தது என்பதற்கு மெயிலில் ‘டன்’ என்று எழுதினால் வெள்ளியங்கிரிக்குப் பிடிக்காது.

“டன்னுன்னா என்னங்க அம்மிணி? துணி வந்துச்சு, தெச்சோம், அனுப்பிப்போட்டோம். அவ்வளவுதானா? நாம பட்ட பாடு எங்க?”

அபிராமி அதை அழித்துவிட்டு ‘மேனேஜ்டு’ என்று அடித்தாள். அவர் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று படித்தார். தலையசைத்தார்.

பல்லடம் சாலையில் அவருடைய பனியன் கம்பெனி. டென்மார்க்கில் துணி வாங்கி விற்கும் ஒரு பையருக்குக் குழந்தைகளின் டி-சர்ட் தைத்து அனுப்புகிறார்கள். அபிராமி மெர்ச்சண்டைசர். பையருக்கு மெயில் எழுதுவதும், பையர் கேட்டதை ஊரெல்லாம் துரத்தி வாங்குவதும் அவள் வேலை.

சுலபமாக முடிந்தது என்று பையருக்குத் தெரிந்தால் அடுத்த ஆர்டருக்கு நாளைக் குறைத்துவிடுவார்கள் என்பது வெள்ளியங்கிரியின் பயம். ஆகவே அந்தக் கம்பெனியில் எதுவும் சும்மா முடிவதில்லை. பட்டன் வந்து சேர்ந்தால் மேனேஜ்டு. சாயம் சொன்ன நிறத்தில் வந்தால் சக்சீடட். கண்டெய்னர் கிளம்பினால் அக்காம்ப்ளிஷ்டு. மழையில் கிளம்பினால் ‘புல்டு இட் ஆஃப்’, எப்படியோ சாதித்துவிட்டோம் என்று. கடைசியை அபிராமிதான் கண்டுபிடித்துக் கொடுத்தாள். அன்று முழுக்க அவர் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். இறுகிப்போன டிபன் டப்பாவைத் திறந்தபோதும் சொன்னார்.

பிறகு ஹெல்லேயிடமிருந்து மெயில் வந்தது. பையர் கம்பெனியில் இவர்களுடைய ஆர்டரைப் பார்ப்பவள் அவள். ஒவ்வொரு மெயிலிலும் இவ்வளவு போராடியிருக்கிறீர்கள், அப்படி என்ன சிரமம் என்று நேரில் பார்க்க ஆசை, சனிக்கிழமை வருகிறேன், ஞாயிறும் இருப்பேன் என்று எழுதியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விளாத்திகுளத்தில் அபிராமிக்கு நிச்சயதார்த்தம். சனிக்கிழமை சாயங்காலம் அவள் பஸ் ஏறியாக வேண்டும்.

“சார், என் லீவு?”

“அந்தம்மாவுக்குக் கஷ்டத்தைக் காட்டிப்போட்டுப் போ கண்ணு.”

“கஷ்டத்துக்கு எங்க சார் போறது? எல்லாம் சரியா ஓடிட்டிருக்கு.”

“திருப்பூர்ல கஷ்டத்துக்கா பஞ்சம்?”

மாதாந்திர மின்தடை முந்தின வாரமே வந்து போயிருந்தது. மிச்சமிருந்த ஒரே நம்பிக்கை சரவணக்குமார். சாயத் துணி சுருங்காதபடி மெஷினில் அழுத்தித் தருகிறவன். வண்டி கிளம்பிவிட்டது என்று அவன் சொன்னால் துணி இன்னும் மெஷினுக்கே போகவில்லை என்று பொருள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அபிராமி அவனைத் திட்டாத வாரம் கிடையாது.

வெள்ளிக்கிழமை மதியம் போன் செய்தாள்.

“அண்ணா, நாளைக்குத் துணி அனுப்ப வேண்டாம். திங்கக்கிழமை போதும்.”

மறுமுனையில் அவன் மெஷினை நிறுத்தும் சத்தம் கேட்டது.

“கோவமுங்களா அம்மிணி?”

“இல்லண்ணா. நிஜமாவே வேண்டாம்.”

“நீங்க இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லீங்க.”

“மெதுவா அனுப்புங்கண்ணா. அவசரமே இல்ல.”

“தப்புதானுங்க. இந்த ஒருக்கா மன்னிச்சுப்போடுங்க.”

அவள் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டான். லேபிள்காரரிடமும் அட்டைப்பெட்டிக்காரரிடமும் அதே போலப் பேசினாள். அவர்களும் அதே போல மன்னிப்புக் கேட்டார்கள். இந்த ஊரில் மெதுவாக அனுப்புங்கள் என்று யாரும் யாரிடமும் சொன்னதில்லை. ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது என்றுதான் மூன்று பேரும் புரிந்துகொண்டார்கள்.

சனிக்கிழமை வாட்ச்மேன் கேட்டைத் திறக்கும் முன்பே வெளியே டெம்போ நின்றது. துணிக்கட்டின் மேல் சரவணக்குமாரே உட்கார்ந்திருந்தான். குளித்து விபூதி பூசியிருந்தான். கையில் மைசூர்பாகு.

“ஏனுங்க அம்மிணி, இப்பத் திருப்திங்களா?”

அபிராமி மைசூர்பாகை வாங்கிக்கொண்டாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

லேபிள் வந்தது. பெட்டி வந்தது. வெள்ளைக்காரம்மா வருகிறாள் என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமை என்றால் தலைவலி வருகிற டெய்லர்கள்கூடத் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். கரண்டாவது போகும் என்று வெள்ளியங்கிரி ஃபேனை அண்ணாந்து பார்த்தார். அது சுற்றிக்கொண்டே இருந்தது.

ஹெல்லே ஒவ்வொரு மேசையாகப் போனாள். துணி வெட்டுவதைப் பார்த்தாள். தைப்பதைப் பார்த்தாள். யாரோ அவளுக்கும் பூ வைத்துவிட்டார்கள். கடைசியில் வந்து, சிரமப்படும் இடம் எது என்று கேட்டாள்.

வெள்ளியங்கிரி அபிராமியைப் பார்த்தார்.

“இன்னிக்கு மட்டும் இப்படி அமைஞ்சுபோச்சுன்னு சொல்லு கண்ணு.”

அபிராமி சொன்னாள். ஹெல்லே சிரித்தாள். இவ்வளவு அழகாக நடக்கிறதே, அடுத்த ஆர்டரைக் கொஞ்சம் சீக்கிரமே கேட்கலாம் போலிருக்கிறது என்றாள். அது வெள்ளியங்கிரிக்கு மொழிபெயர்க்காமலே புரிந்தது.

அபிராமியை ஓரமாகக் கூப்பிட்டார்.

“நீ ஊருக்குப் போகக்கூடாது அம்மிணி. நாளைக்கும் கம்பெனியத் தொறக்கறோம். எப்படியாச்சும் ஒரு கஷ்டத்தை ரெடி பண்ணு.”

“சார், எனக்கு நிச்சயம்.”

“மாப்பிள்ளை எங்க ஓடிப்போறாரு? ஆர்டர் ஓடிப்போயிரும் கண்ணு.”

மேசைக்கு அடியில் அவள் பை தயாராக இருந்தது. போன் அடித்தது. அம்மா.

“ஏத்தா, பஸ் ஏறிட்டியா? மாப்பிள்ள வீட்டுக்காரக காலையிலயே வந்துருவாக. பொண்ணு எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல?”

“வந்துருவேம்மா” என்று வைத்தாள். பிறகு முதலாளியிடம் போனாள்.

“சார், நாளைக்குக் கஷ்டம் ரெடி.”

“எங்க?”

“நான் வரமாட்டேன்.”

அவருக்கு விளங்கவில்லை.

“அந்தம்மா கேக்குறதுக்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. எந்த சாம்பிள் எந்த ரேக்குல இருக்குன்னு யாருக்கும் தெரியாது. சரவணக்குமார் அண்ணனத் திட்டவும் ஆள் கிடையாது. நாள் பூரா நீங்களும் அந்தம்மாவும் மட்டும்.”

வெள்ளியங்கிரி அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார்த்தார். முதலில் முகம் வெளுத்தது. பிறகு மெல்ல மலர்ந்தது.

“அருமைங்க அம்மிணி.”

அவரே காரில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுபோய் விட்டார். வாழைப்பழமும் தண்ணீர் பாட்டிலும் வாங்கிக் கொடுத்தார். பஸ் நகரும்போது, போனை எடுக்கவே எடுக்காதே என்றார்.

மறுநாள் அவள் பட்டுச் சேலைக்கு மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது அவரே கூப்பிட்டார்.

“அம்மிணி, அந்தம்மா ஒரு லேபிளைக் காட்டி என்னமோ கேட்டுச்சு. நான் எஸ்ஸுன்னு சொல்லிப்போட்டேன்.”

“அப்புறம் சார்?”

“இது தப்பு லேபிளான்னு கேட்டுச்சாமா. இப்ப எல்லா டி-சர்ட்லயும் லேபிளைப் பிரிச்சுட்டு இருக்கறோம். அந்தம்மாவும் உக்காந்து பிரிக்குது.”

“கஷ்டம் தெரியுதா சார் அவங்களுக்கு?”

“நல்லாத் தெரியுது. அடுத்த ஆர்டருக்கு நாள் கூட்டித் தர்றேன்னு காலண்டரைத் தொட்டுத் தொட்டுக் காட்டுது.” குரல் தாழ்ந்தது. “போதுங்க அம்மிணி. இதுக்கு மேல கஷ்டம் வேண்டாம். எப்ப வர்ற?”

வெளியே வேன் வந்து நின்றது. மாப்பிள்ளை வீட்டார் இறங்கும் சத்தம் கேட்டது.

“மெதுவா வர்றேன் சார்” என்றாள். “அவசரமே இல்ல.”

மறுமுனையில் அவர் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தார்.