நூறு வருஷத்துக் கிருஷ்ணன்

கிருஷ்ணனுக்குப் பால் நைவேத்யம் பண்ணாமல் காமாக்ஷி ஒருநாளும் காபி குடித்ததில்லை. உள்ளங்கை உயர வெண்கலக் கிருஷ்ணன். புருஷன் வைத்தியின் வம்சத்தில் வழிவழியாக வந்தது. வைத்தி போன பிறகு வடக்கே கிட்வாய் நகர் வீட்டில் அவளும் கிருஷ்ணனும்தான். அடிக்கடி மயங்கி விழுந்தாள். டொராண்டோவில் இருக்கும் மகன் அபிஷேக் தன்னோடு வந்துவிடச் சொன்னான். கிருஷ்ணனும் வருவதானால் வருகிறேன் என்றாள்.

அங்கேதான் சட்டம் குறுக்கே நின்றது. நூறு வருஷம் ஆன விக்கிரகம் நாட்டை விட்டுப் போகக் கூடாது. கோயில் கோயிலாகச் சாமியைத் திருடி விற்றார்களே, அந்தப் பாவிகளைத் தடுக்கிற சட்டம், வேண்டிய சட்டம்தான். பழசில்லை என்று தொல்லியல் அலுவலகத்தில் சான்றிதழ் தந்தால் எடுத்துப் போகலாம். வைத்தியின் தம்பி வெங்கி மன்னியை அழைத்துப் போனான். அங்கே வாயைத் திறக்காதீர்கள் என்று ஆட்டோவிலேயே படித்துப் படித்துச் சொன்னான்.

வாராவாரம் புளி போட்டுத் தேய்த்ததில் கிருஷ்ணன் பளபளவென்று இருந்தான். அதிகாரி அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பஜாரில் வாங்கிய புதுசு மாதிரி இருக்கிறதே என்று ஹிந்தியில் சொல்லிச் சிரித்தபடி பேனாவை எடுத்தாள்.

காமாக்ஷிக்குப் பொறுக்கவில்லை. இத்தனை காலம் பால் வைத்தது பஜார் பொம்மைக்கா? மாமனாரின் தாத்தா பூஜை பண்ணின மூர்த்தி இது என்று ஹிந்தியில் கொட்டித் தீர்த்தாள். பீடத்துக்கு அடியில் கொத்தியிருந்த அவர் பெயரையும் கவிழ்த்துக் காட்டினாள். வெங்கி தலையில் கை வைத்துக்கொண்டான். அதிகாரி பேனாவை மூடிவிட்டாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

கிருஷ்ணனைப் பழம்பொருள் என்று வெங்கியின் பெயரில் பதிவு செய்தார்கள். தினமும் பால் வைப்பதாக வெங்கி சத்தியம் பண்ணின பிறகுதான் காமாக்ஷி விமானம் ஏறினாள். வெங்கியும் பெண்டாட்டியும் வேலைக்குப் போகிறவர்கள். பூட்டிய வீட்டில் திருட்டுப் போனால் போலீசுக்கு யார் பதில் சொல்வது? பயந்துபோய், ஒரே வாரத்தில் கிருஷ்ணனைத் துண்டில் சுற்றி பேங்க் லாக்கரில் வைத்துவிட்டான். நாட்டை விட்டுப் போகாமல் சாமியைக் காப்பாற்றியாயிற்று. பால் வைக்கத்தான் ஆளில்லை.

டொராண்டோவில் விடிந்ததும் போன் வருகிறது.

"கிருஷ்ணனுக்குப் பால் ஆச்சா, வெங்கி?"

"ஆச்சு மன்னி. நீங்க காபி குடிங்கோ."

அவள் முதல் வாய் குடிக்கிற சத்தம் கேட்கும்வரை வெங்கி போனை வைப்பதில்லை.