எல்லோருக்கும் ஆறு நிமிடம்

நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்குப் போகும் வேம்புலியம்மன் கோயில் சாலை, முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டிக்கு மூன்று கிலோமீட்டர் நீளம். அறுபதில் போகிறவனுக்கு ஆறு கிலோமீட்டர். தொண்ணூறில் பறக்கிறவனுக்கு ஒன்பது. சைக்கிள்காரருக்கு ஒன்றரையில் முடிந்துவிடும், கையில் பையோடு நடக்கிறவருக்கு வெறும் அரை கிலோமீட்டர்தான். யார் எதில் போனாலும் ஆறு நிமிடம். 2022ஆம் வருட ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையிலிருந்து இப்படித்தான் இருக்கிறது. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் இன்னும் சிக்னலில் நின்றுகொண்டுதான் இருக்கிறார்கள்.

அதற்கு முன்னால் இந்தச் சாலையும் மற்ற சாலைகள் மாதிரிதான் இருந்தது. அகலப்படுத்தித் தார் போட்டதிலிருந்து எல்லோருக்கும் காலில் இறக்கை முளைத்துவிட்டது. தாட்சாயிணியின் மகன் அசோக் பாலிடெக்னிக் முடித்த வருடம், சைக்கிளில் வந்துகொண்டிருந்தவனை ஒரு வண்டி அடித்துவிட்டுப் போனது. எந்த வண்டி என்று இன்றுவரை தெரியாது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அம்பத்தூர் எஸ்டேட்டில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். கக்கத்தில் கட்டைகளை ஊன்றிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து ரயிலைப் பிடிக்க அவனால் முடியவில்லை, நெரிசலில் ஷேர் ஆட்டோவும் அவனுக்காக நிற்கவில்லை. நாலு வருடம் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தாட்சாயிணி சும்மா இருக்கவில்லை. அவள் குடும்பம் பரம்பரையாக அங்கே நெல் போட்ட குடும்பம், இப்போது அடுக்குமாடி நிற்கிற இடமெல்லாம் ஒரு காலத்தில் அவர்கள் உழுதது. வண்டிகளின் வேகத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லிப் பதினோரு தடவை மனு கொடுத்தாள். பதினோராவது மனுவுக்கு, சாலை தொடங்குகிற இடத்தில், ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு பக்கத்தில், சிவப்பு வளையத்துக்குள் 30 என்று எழுதிய ஒரு தகரப் பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். அதை ஒரு நாய்கூட மதிக்கவில்லை.

அந்த வருட ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டுக்காரர்கள் வழக்கம்போல வாழைக்கன்று கட்டி, ஒலிபெருக்கி வைத்து, வண்டிகளைக் கழுவி நிறுத்தினார்கள். அங்கே ஆட்டோ ஓட்டுகிற ஜஸ்டின் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், ஆனாலும் ஸ்டாண்டு பூஜைக்குப் பொரி கடலை வாங்குகிற பொறுப்பு வருடா வருடம் அவருடையதுதான். வண்டிகளுக்கெல்லாம் வைத்து முடித்த பிறகும் கிண்ணத்தில் சந்தனம் மீந்திருந்தது. ஜஸ்டின் பலகையைப் பார்த்தார். "நம்மள மாதிரி இதுவும் வெயில்ல நின்னுகினு டூட்டி பாக்குதே, இதுக்கு ஒரு பொட்டு வெச்சா இன்னா கொறஞ்சுடப் போவுது?" என்றார். நியாயமாகத்தான் பட்டது. பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார்கள், சாமந்தி மாலை போட்டார்கள், கற்பூரம் காட்டினார்கள். வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்ற வேண்டும், பலகைக்குச் சக்கரம் ஏது? கம்பத்தின் அடியில் ஒரு பழத்தை வைத்துவிட்டுப் பூசணிக்காய் உடைத்தார்கள். ஒரு தகரத்துக்குப் போய் பூஜை போட்ட ஆட்களை அன்றைக்கு இந்த ஊரைத் தவிர வேறெங்கும் பார்த்திருக்க முடியாது.

மறுநாள் காலையில், மூன்று நிமிடம் போதும் என்று கிளம்பி எட்டு பன்னிரண்டு லோக்கலுக்கு அடித்துப் பிடித்து ஓடிய பைக்குக்காரர்கள் எல்லாம் ரயிலை விட்டார்கள். அவர்களுக்கு முன்னால் பிளாட்பாரத்தில் நின்று, வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் நடந்து வந்தவர்கள். முதல் வாரம் முழுக்க ஊரில் ஒரே சண்டை. மீட்டர் கோளாறு என்றார்கள், பெட்ரோலில் கலப்படம் என்றார்கள், வடக்கே புதிதாக வந்த பாலத்தின் வாஸ்து சரியில்லை என்றார்கள். கடைசியில் கணக்கைக் கண்டுபிடித்தது அடுக்குமாடியில் குடியிருக்கிற ஸ்வாதி. தென்காசிப் பக்கத்துப் பெண், கணினி வேலை. காரிலும் ஸ்கூட்டரிலும் நடையிலுமாக முப்பது தடவை போய் வந்து, ஒரு அட்டவணை போட்டு, லிஃப்டுக்குள் ஒட்டினாள். ரயில் நிலையத்துக்கு என்று கிளம்பினவர்களுக்கு மட்டுமே இந்தக் கணக்கு, வழியில் கடைக்குப் போகிறவர்கள் பழையபடி கடைக்குத்தான் போனார்கள். மூன்று தண்ணீர் லாரிகள் வைத்திருக்கும் கோபி, எல்லாம் அந்தப் பழத்தால் வந்த வினை என்று லாரியைப் பின்னால் எடுத்து எலுமிச்சையை நசுக்கியும் பார்த்தார். பழம் நசுங்கியது, சாலை அப்படியே இருந்தது.

அப்புறம் ஊர் மாறியதைப் பார்த்தால் யாருக்கும் நெஞ்சு நிமிரும். ஆறு நிமிடம்தான் என்று ஆன பிறகு எதற்குப் பெட்ரோலைக் கொட்டி ஒன்பது கிலோமீட்டர் ஓட வேண்டும்? ஆறு மாதத்தில் இரண்டு சைக்கிள் கடைகள் வந்தன. கார் நின்ற இடங்களில் புங்கன்கன்று வைத்தார்கள். நகராட்சியே ஆள் அனுப்பி, ஏறி இறங்காத மட்டமான நடைபாதை போட்டுக் கொடுத்தது. மழை நாளுக்கும் மூட்டை முடிச்சுக்கும் சின்ன பஸ் ஒன்று கேட்டு வாங்கினார்கள், அது இருபதில் போகும், அதில் யாரும் டிரைவரை அவசரப்படுத்துவதில்லை. ரிட்டயர் ஆன வாத்தியார்கள் சாலையை நிதானமாகக் குறுக்கே கடந்தார்கள். அந்தச் சாலையில் அன்றிலிருந்து ஒருவரையும் வண்டி அடிக்கவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கர்வமாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

அசோக் வேலைக்கு முதல் நாள் தனியாகத்தான் கிளம்பினான். கட்டை ஊன்றி நடக்கிறவனுடைய வேகத்துக்குச் சாலை இருநூறு மீட்டராகச் சுருங்கிக் கொடுத்தது. மூன்றாவது தடவையாகக் கூப்பிட்ட எஸ்டேட் கம்பெனியில், சின்னச் சின்ன இரும்பு உருப்படிகளை அளந்து பார்த்துத் தேறியது தேறாதது பிரிக்கிற வேலையில் சேர்ந்தான். சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, பலகையைப் பிடுங்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. ரயில் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற லாரிகள் டீசலைக் குடிக்கின்றன என்று கோபி எழுதிப் போட்டிருந்தார். அதைவிடப் பெரிய சங்கடம், சாலைப் பதிவேட்டில் நீளம் என்கிற கட்டத்தில் ஒரே ஒரு எண்தான் இருக்கலாம். பலகை போனால் சாலை பழைய மூன்று கிலோமீட்டருக்குத் திரும்பும், அசோக் மறுபடி சுவரைப் பார்த்து உட்கார வேண்டியதுதான். பொறியாளர் மணவாளன் ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்டவர் இல்லை, கண்ணால் பார்க்காததை எழுத மாட்டார், அவ்வளவுதான்.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தாட்சாயிணி முன்னால் வந்தாள். "சார், உங்க ஜீப்பு இன்னா ஸ்பீடு வேணா போவட்டும். எம்புள்ள நடந்து வருவான். ஜீப்பு முன்னாடி போயிடுச்சுன்னா நானே பலகையப் புடுங்கிக் குடுக்கறேன்" என்றாள். "இன்னாக்கா, நடுவுல கீது பையன் பொழப்பு" என்று ஜஸ்டின் முணுமுணுத்தார். மணவாளன் சரி என்று கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப் எண்பதில் கிளம்பியது, அசோக் கட்டைகளை ஊன்றினான். ஊரே விசிலடித்தது, வா வா என்று கத்தியது. அந்தச் சத்தத்தில்தான் அவன் தப்புப் பண்ணினான், வேகமாக நடக்கப் பார்த்தான். தண்ணீர் லாரி ஒழுகவிட்ட ஈரத்தில் ஒரு கட்டை வழுக்கியது. விழுந்தான். கட்டை உருண்டு சாக்கடைப் பக்கம் போனது. தாட்சாயிணி ஓடி வந்து கையைப் பிடித்தாள். "வுடும்மா. மூச்சு வாங்குது. கொஞ்ச நேரம் குந்திகினு கீறேன்" என்றான்.

நின்றுவிட்டவனை இந்தச் சாலை என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. ஸ்வாதியின் அட்டவணையில் அந்த வரி இல்லை. தாட்சாயிணி அவன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். மகனுக்குச் சிராய்த்த முழங்கையை முந்தானையால் துடைத்தாள். பதினோரு மனுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டாள். அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்சம் கழித்து எழுந்திருக்கப் பிடிமானம் தேடிக் கையை நீட்டினான் அசோக். கையில் தட்டுப்பட்டது நெமிலிச்சேரி ரயில் நிலையத்துச் சாய்தளத்தின் இரும்புக் கம்பி. அம்மாவும் பிள்ளையும் நிலையத்து வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரே ஜீப் அப்போதுதான் வந்து கிறீச்சென்று பிரேக் போட்டு நின்றது.

மணவாளன் இறங்கினார். கடிகாரத்தைப் பார்த்தார், உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்தார். அசோக்குக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பிறகு பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து, நீளம் என்ற கட்டத்தில் இருந்த 3 கி.மீ. என்பதை அடித்து, 6 நிமிடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலே கேட்டால் என்ன சொல்வது என்று டிரைவர் கேட்டதற்கு, கேட்கிறவர்கள் வந்து உட்கார்ந்து பார்க்கட்டும் என்றார். கோபி தன் லாரிகளை முப்பதிலேயே ஓட்டச் சொன்னார், டீசல் செலவு பாதியானது. இப்போது திருவேற்காட்டுச் சம்பந்தி வீட்டில் எங்க ரோடு, எங்க ரோடு என்று அதிகம் பீற்றிக்கொள்கிறவர் அவர்தான்.

அசோக்குக்கு வேலை நிரந்தரமானது. முதல் இரண்டு மாதம் அவன் தெருமுனை திரும்பும்வரை தாட்சாயிணி வாசலில் நிற்பாள். ரயில் ஏறிவிட்டேன் என்று அவன் ஃபோன் பண்ணும்வரை உள்ளே போக மாட்டாள், பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. போன ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவசரமாகக் கேட்ட ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். அசோக் கட்டைகளை எடுத்துக்கொண்டு, "அம்மா, வர்றேன்" என்றான். அவள் ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம்" என்றாள்.