இரண்டு பிரார் ரோர்டன்கள்

கிரெஸன் அப்பாவுக்குக் கடைசிச் சவரம் செய்துகொண்டிருந்தாள். ஒரு கன்னம் முடிந்திருந்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பி ஓக்கே ஹம்பர்க்கிலிருந்து வந்து சேர்ந்தான். வடகடல் தீவான ஃபோருக்கு வரும் மத்தியானப் படகிலிருந்து இறங்கி ஓடிவந்தவன், கோட்டைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழட்டும். வருஷக்கணக்கில் அந்தக் காலுக்குக் காலுறை மாட்டிவிட்டவள் அவள். விடியற்காலையில் உயிர் போகும்போது அவர் கேட்டது என்னவோ, ஓக்கே கிளம்பிவிட்டானா என்றுதான்.

அவள் செய்தது கொஞ்சமா? திமிங்கில வேட்டைக்குப் போன முன்னோர்களின் கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. அப்பாவுக்குக் கண் மங்கியதும், அந்தப் பழைய கிறுக்கல் எழுத்தைக் கற்றுக்கொண்டு சாயங்காலம்தோறும் அவருக்குப் படித்துக் காட்டியவள் அவள்தான். அப்போதெல்லாம் அவர் உம்மென்று கேட்டுக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஓக்கேயின் போன் வந்தால் போதும், கதவைச் சாத்திக்கொண்டு ஒரே சிரிப்பு. சமையலறையில் நிற்கும் கிரெஸனுக்கு வயிறு பற்றி எரியும்.

படித்ததில் ஒன்றை மட்டும் அவள் அவருக்குச் சொல்லவே இல்லை. அப்பன் பெயரை ஒட்டியே பிள்ளைக்குப் பெயர் வைக்கும் தீவு அது. அதனால் ஒரே கப்பலில் பிரார் ரோர்டன் என்ற பெயரில் இரண்டு பேர் போயிருந்தார்கள். அப்பா காலமெல்லாம் பெருமையடித்துக்கொண்ட கேப்டன் ஒருவர். இன்னொருவர், பட்டாணிக் கஞ்சியை அடிப்பிடிக்க விட்டு அந்தக் கேப்டனிடம் திட்டு வாங்கியதாக மனைவிக்கு எழுதிய சமையல்காரர். கிரெஸன் குடும்பத்தின் முன்னோர் அந்தச் சமையல்காரர்தான். கிழவர் மனசு ஒடிந்துவிடுமே என்று அந்த வரிகளை விட்டுவிட்டுப் படிப்பாள்.

ஓக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கல்லறைக் கல்லுக்குச் சொல்லிவிட வேண்டும் என்றான்.

"கப்பல் செதுக்கச் சொல்லு. மூணு பாய்மரம் வச்சு. கேப்டன் வம்சமாச்சே," என்றாள் கிரெஸன்.

ஓக்கே அப்பாவின் காலிலிருந்து கையை எடுத்தான்.

"வேணாம்க்கா. நம்ம ஆளு சமையல்காரர்தானே."

அவள் கை நின்றது. "யாருடா சொன்னா?"

"அப்பாதான். கண்ணு நல்லா இருந்தப்பவே எல்லாத்தையும் படிச்சிட்டாராம். கஞ்சி வர்ற இடத்துல நீ தாவிப் போறதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னாரு. அவருக்கு எல்லாம் தெரியும்னு தெரிஞ்சா, சாயங்காலம் நீ வந்து உட்கார மாட்டியாம்."

கிரெஸன் சவரக் கத்தியைக் கீழே வைத்தாள். தன்னைப் பற்றித்தான் அத்தனை சிரிப்பும். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொறுக்கவில்லை.

"அதையும் உன்கிட்டதான் சொன்னாரா?"

ஓக்கே அப்போதுதான் கோட்டைக் கழற்றத் தொடங்கினான்.

"நீ கொஞ்சம் வெளியில இரு," என்றாள்.

அவன் போனதும் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஓக்கே மெதுவாகக் கதவைத் தட்டினான். அவள் எழுந்திருக்கவில்லை.