கோல்மன் போட்ட எதிர் ஓட்டு

மாசி புறநகரிலிருந்து பென்ரோஸ் தொழிற்பேட்டைக்குப் போகும் மோட்டார்வேயில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தபோது எஸ்ரா கோல்மன் தன் ஓட்டைப் போட்டார். யுவனேஸ்வரி ஒலியைக் கூட்டினாள்.

சில நாட்களாக அவருடைய வாழ்க்கை வரலாற்றைக் காரில் கேட்டு வருகிறாள். ஒஹாயோவில் குதிரைச் சேணம் தைத்தவரின் மகன். தானாகவே சட்டம் படித்து வக்கீலானவர். ஊரே தோளில் தூக்கி வாஷிங்டனுக்கு அனுப்பி வைத்தது. தப்பி ஓடும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் 1850இல் வந்தபோது, ஆதரிக்கச் சொன்னது கட்சி. கோல்மன் எழுந்து நின்று எதிர்த்தார். சட்டம் எப்படியும் நிறைவேறியது. அடுத்த தேர்தலில் அவருக்கு இடமில்லை. தூக்கிச் சுமந்தவர்களே அவரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறி நடந்தார்கள். மிச்சக் காலமெல்லாம் விவசாயிகளின் வேலித் தகராறுகளுக்கு வாதாடியே கழிந்தது.

"வருத்தப்பட்டாரா இல்லையான்னு சொல்லவே இல்ல லா!" என்று எழுதியவரைத் திட்டியபடி கிடங்கு வாசலில் காரை நிறுத்தினாள்.

ஈப்போவில் பிறந்தவள். இந்தக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாள், யூனியன் பிரதிநிதியும் அவள்தான். அன்று மதியம் கூட்டம். சம்பள உயர்வுக்கு நிர்வாகம் ஒப்புக்கொண்டிருந்தது, ஆனால் நிரந்தரத் தொழிலாளர்களுக்கு மட்டும். வேலை விசாவில் வந்தவர்களுக்கு உயர்வு இல்லை; ஞாயிற்றுக்கிழமை வேலை முழுவதும் அவர்கள் தலையில். யூனியனில் அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான்.

தேநீர் அறை வாசலில் சோதிலிங்கம் மறித்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒவ்வொரு தேர்தலிலும் அவளுக்காக ஆள் ஆளாய்ப் போய் ஓட்டுக் கேட்டவர்.

"பிள்ளை, முதல்ல எங்கட ஆக்களுக்கு எடுப்பம். மற்றவையைப் பற்றிப் பிறகு கதைக்கலாம்."

"பிறகுன்னா எப்போண்ணே?"

"எனக்கும் வீட்டு மோர்ட்கேஜ் இருக்கு. நீங்கள் வேண்டாமெண்டு சொன்னா, அடுத்தமுறை உங்களுக்கு ஓட்டுக் கேக்க மாட்டன்."

"தெரியும்ண்ணே."

கூட்டத்தில் அவள் பேச எழுந்தாள். எல்லாருக்கும் உயர்வு, இல்லையென்றால் பேச்சைத் தொடர்வோம், இதை ஏற்கும்படி நான் சொல்ல மாட்டேன் என்றாள். கடைசி வரிசையில் விசாக்காரர் பழனிசாமி தலை நிமிரவே இல்லை. ஓட்டெடுப்பில் மயிரிழையில் நிர்வாகத்தின் பேரம் தோற்றது. சிலர் மேசையைத் தட்டினார்கள். சிலர் தேநீரை அப்படியே வைத்துவிட்டு வெளியேறினார்கள்.

அடுத்த மாதப் பிரதிநிதித் தேர்தலில் சோதிலிங்கமே எதிர்த்து நின்றார். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்.

"போச்சா?" என்றான் வீட்டில் கணவன் மைக்கேல்.

"போச்சு. சோத்த போடு, பசிக்குது."

அன்று நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள். கோல்மனும் தூங்கியிருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

பேச்சுவார்த்தை மறுபடி தொடங்கிய அன்று காலை, ஃபோர்க்லிஃப்டில் சரக்கை ஏற்றிக்கொண்டிருந்தவள் சோதிலிங்கத்தைப் பார்த்தாள். இஸ்திரி போட்ட சட்டையோடு மேலாளரின் கண்ணாடி அறை வரை போனவர், கதவில் கைவைத்து நின்றார். பிறகு திரும்பிப் பொதி கட்டும் இடத்துக்கு நடந்து பழனிசாமியிடம் ஏதோ சொன்னார். பழனிசாமி வேண்டாமென்று தலையாட்டினார். சோதிலிங்கம் அவர் கையிலிருந்த ஸ்கேனரை வாங்கி மேசையில் வைத்தார்.

இருவரும் உள்ளே போனார்கள். யுவனேஸ்வரி வண்டியை நிறுத்தினாள். கண்ணாடிக்கு அப்பால், நாற்காலியின் நுனியில் தொற்றிக்கொண்டிருந்த பழனிசாமியின் தோளைப் பிடித்து, முதுகு சாயும்வரை பின்னுக்குத் தள்ளி உட்கார வைத்துக்கொண்டிருந்தார் சோதிலிங்கம்.